சொந்தச் சாவுக்கு விடுப்பு

மென்பொருளுக்குத் திறப்பு விழா நடத்துவது எப்படி என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கட்டடம் என்றால் நாடா வெட்டலாம். இயந்திரம் என்றால் பொத்தானை அமுக்கலாம். கதவுப் பிடிகளும் தாழ்ப்பாள்களும் செய்து விற்கும் அந்த நிறுவனத்தின் எம்.டி. மண்டையைக் குடைந்துகொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கணினித் திரை ஒன்றின்மேல் சிவப்புப் பட்டுத்துணியைப் போர்த்தி, ஊழியர்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் நிறுத்திவைத்து, பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்துத் துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். அவர் பேசிய பேச்சில் திரையே தூங்கிப்போயிருந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"இதுதான் செயற்கை நுண்ணறிவு," என்றார் எம்.டி. "இதுக்குப் பசி கிடையாது, தூக்கம் கிடையாது, சொந்தக்காரங்க கிடையாது. லீவு, ஷிப்டு, ஓவர்டைம் எல்லாம் இனிமே இதோட பொறுப்பு. இது தப்பே பண்ணாது. இது ஒரு முடிவு சொல்லிட்டா அதுல யாரும் கை வைக்கக் கூடாது. நான்கூட வைக்க மாட்டேன்."

முன்வரிசையில் நின்ற பணியாளர் பிரிவு மேலாளர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கை தட்டினார். அவருக்குக் காரணம் இருந்தது. இத்தனை வருடங்களாக அவர் விடுப்பு விண்ணப்பங்களில் எழுதிவந்த முடிவுகளைத்தான் அந்த மென்பொருளுக்கு ஊட்டி வளர்த்திருந்தார்கள். பெற்ற பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குத் 'தாழ்ப்பாள்' என்று பெயர். உள்ளே வந்த ஆளை லேசில் வெளியே விடமாட்டார் என்பதால் வந்தது. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நிறுவனத்தின் முதன்மையான பொருளின் பெயரைத் தனக்குச் சூட்டியிருப்பதை அவர் ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார்.

விடுப்பு விஷயத்தில் அவருக்கு ஒரே கொள்கை. காய்ச்சலா, மாத்திரை போட்டுக்கொண்டு வரலாம். பிள்ளைக்குப் பள்ளியில் பரிசளிப்பா, பரிசு பிள்ளைக்குத்தானே, அப்பனுக்கு இல்லையே. வீடு மாறுவதா, ஞாயிற்றுக்கிழமை எதற்கு இருக்கிறது. ஆனால் சாவு என்ற ஒரு சொல் காகிதத்தில் இருந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் மூன்று நாள் விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். "சாவுக்குக் குறுக்கே நான் நிக்க மாட்டேன்," என்பார், மனம் வைத்தால் நின்று தடுத்துவிடக்கூடியவர்போல.

இதன் பலனாக அங்கே வேலைசெய்தவர்களின் குடும்பங்களில் சாவு மலிந்து கிடந்தது. பெரிய கால்பந்து ஆட்டங்கள் நடந்த நாட்களில் சித்தப்பாக்கள் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னும் பின்னும் அத்தைகள் கண்ணை மூடினார்கள். ஸ்டோர் கீப்பர் பெரியப்பாக்களை வரிசையாகப் பறிகொடுத்தார். அவருடைய அப்பாதான் அந்தக் குடும்பத்திலேயே மூத்த பிள்ளை என்பது ஊரறிந்த விஷயம். வரவேற்பறைப் பெண்ணின் மாமியார் காலமான மறுவாரமே அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, மருமகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று விசாரித்தார். மேலாளரே எடுத்துப் பேசி, சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு விவரங்களில் ஆர்வமில்லை. கொள்கைதான் முக்கியம்.

மென்பொருள் கம்பெனியிலிருந்து அதைப் பொருத்திக்கொடுக்க வந்திருந்த பெண், அவருடைய பழைய முடிவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டே வியந்துபோனாள்.

"இவ்வளவு சுத்தமான டேட்டாவை நான் பார்த்ததே இல்ல சார். மத்த கம்பெனில எல்லாம் ஒரு நாள் குடுப்பாங்க, ஒரு நாள் மறுப்பாங்க. உங்ககிட்ட ஒரு இடத்துலகூட மனசு மாறல."

அவர் அதை வீட்டில் போய்ச் சொன்னார். மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மனைவி காலணியைக் கழற்றியபடி, "அதைத்தானே நானும் சொல்லிட்டு இருக்கேன்," என்றாள்.

எம்.டி. மென்பொருளுக்கு 'மகாமதி' என்று பெயர் வைத்தார். ஊழியர்கள் 'பெரியவர்' என்று கூப்பிட்டார்கள்.

"பெரியவர்கிட்ட லீவு கேட்டியா?"

"கேட்டேன். யாராவது செத்தா வான்னு சொல்றார்."

ஒரு மாதம் எல்லாம் பிரமாதமாக நடந்தது. மேலாளர் அரைமணி யோசித்து மறுத்ததைப் பெரியவர் கண் இமைக்கும் நேரத்தில் மறுத்தார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தான் இல்லாமலே தன்னுடைய வேலை நடப்பதை ரசித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருபவர்களின் பார்வையைச் சோதித்துச் சொல்வது அவள் வேலை. பக்கத்து மேசையில் கண்ணாடிச் சட்டம் மாட்டிக்கொடுக்கும் பையனையே கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மேலாளர் மறுக்க நினைத்து, காரணம் எதுவும் அகப்படாமல் விட்டுவிட்டார். பதிவாளர் ஒரு சின்ன மண்டபத்துக்கே வந்து பதிவு செய்துகொடுப்பதாக ஏற்பாடு. பதிவாளருக்கு வியாழக்கிழமை காலைதான் ஒழிந்தது.

"வியாழக்கிழமைப்பா. லீவு போட்டுடுங்க," என்றாள் மகள்.

"என் கல்யாணத்துக்கே நான் லீவு போட்டதில்ல."

"சாட்சிக்கு நான் இருக்கேன்," என்றாள் மனைவி. "மத்தியானமே ஆபீசுக்குப் போயிட்டார். சாயங்காலம் வந்து கதவைத் தட்டி, யார் வேணும்னு என்னையே கேட்டார்."

மகள் சிரிக்கவில்லை. "என் பட்டமளிப்புக்கு வரல. ஆபரேஷனுக்கு வரல. சரி, போகட்டும். இதுல பொண்ணோட அப்பா கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு. நீங்க இல்லைன்னா மாமாவைப் போடச் சொல்லலாம். ஆனா மாமா அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்."

"நான் லீவு கேட்டா இல்லைன்னு சொல்ல அந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்றார் மேலாளர். அதைச் சொன்னபோது அவருக்கே ஒரு கம்பீரம் வந்தது.

மறுநாள் காலை விண்ணப்பத்தைப் பதிந்தார். தண்ணீர் குடிக்கக் கையை நீட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

'தங்கள் மகளின் திருமணத்துக்கு வாழ்த்துகள். விடுப்பு வழங்க இயலாது. மணமகளும் மணமகனும் வந்தாலே திருமணத்துக்குப் போதுமானது.'

நல்ல வாக்கியம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. சுருக்கம், தெளிவு. பிறகுதான் அது தன்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. நிறுவனத்து லாரி ஓட்டுநர் மகள் கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டபோது எழுதியது.

கீழே இன்னும் இருந்தது.

'விண்ணப்பம் ஏற்கப்பட ஓர் ஆலோசனை: நெருங்கிய உறவினர் மரணம். இந்நிறுவனத்தில் இதுவரை அதிக வெற்றி பெற்ற உறவினர்: பெரியப்பா.'

அவர் ஒற்றை விரலால் தட்டினார்: என் பெரியப்பா பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

'ஆழ்ந்த இரங்கல்கள். வேறொரு பெரியப்பாவைப் பயன்படுத்தலாம். எங்கள் பதிவுகளின்படி அவர்கள் தொடர்ந்து கிடைத்து வருகிறார்கள்.'

மேலாளர் எழுந்து நேராக மென்பொருள்காரப் பெண்ணிடம் போனார். அவள் பிரின்டர் அறையின் மூலையில், காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உங்க பெரியவருக்கு என்னை யாருன்னு தெரியல போல."

"உங்களைத் தவிர வேற யாரையும் அதுக்குத் தெரியாது சார்," என்றாள் அவள். அவர் காட்டியதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குவதற்கு அது போதவில்லை.

"என்னை மாதிரியே யோசிக்கும்னுதானே சொன்னீங்க?"

"யோசிக்கும்னு சொல்லல சார். அதுக்கு யோசிக்கத் தெரியாது. கல்யாணம்னா என்ன, சாவுன்னா என்ன, எதுவும் தெரியாது. இந்த மாதிரி விண்ணப்பம் வந்தப்போ இவர் என்ன பண்ணினார்னு பார்க்கும். அடுத்ததுக்கு என்ன பண்ணுவார்னு ஊகிக்கும். அவ்வளவுதான். நீங்க எப்படி முடிவு எடுப்பீங்களோ அப்படி எடுக்குது."

"யோசிக்காமலா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உங்க டேட்டாவைப் பொறுத்தவரைக்கும் அது தேவைப்படல சார்."

"நானா இருந்தா இந்த லீவைக் குடுத்திருப்பேன்."

"கல்யாணத்துக்கு லீவு குடுத்த ஒரே ஒரு உதாரணம் காட்டுங்க. நான் அதை வச்சு ஏதாவது பண்ணிப் பார்க்கறேன்."

அவர் யோசித்தார். சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை முழுவதும் படித்து முடித்தார்.

"அதெல்லாம் வேற," என்றார் கடைசியில். "அது மத்தவங்க பொண்ணு."

"அந்த வித்தியாசத்தை நீங்க எங்கயும் எழுதி வைக்கல சார். எழுதியிருந்தா அதையும் கத்துக்கிட்டிருக்கும்."

"சரி, இப்போ கத்துக்குடுங்க."

"புதுசா நிறையப் பேருக்கு நீங்க லீவு குடுக்கணும், அதை அது மாசக்கணக்குல பார்க்கணும். வியாழக்கிழமைக்குள்ள நடக்காது. இல்லைன்னா எம்.டி. மேல இருந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

எம்.டி. தன் அறையில் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று கையை வீசிக்கொண்டிருந்தார். மாநாடு ஒன்றில் 'மனிதனும் மகாமதியும்' என்ற தலைப்பில் பேசவேண்டியிருந்தது. மனிதன் வரும்போது இடக்கையையும் மகாமதி வரும்போது வலக்கையையும் உயர்த்துவதாகத் திட்டம்.

"சார், சின்ன விஷயம். வியாழக்கிழமை என் பொண்ணு கல்யாணம். மகாமதி லீவு இல்லைன்னுடுச்சு."

"உங்களுக்கேவா?" எம்.டி.யின் முகம், பேரன் முதலடி எடுத்துவைத்த செய்தியைக் கேட்டதுபோல் மலர்ந்தது. "பார்த்தீங்களா, ஆளைப் பார்க்கல. பதவியைப் பார்க்கல. இதை நான் பேச்சுல சேர்த்துக்கறேன்."

"தாராளமா சேர்த்துக்குங்க சார். அப்படியே லீவையும் குடுத்துட்டீங்கன்னா..."

"நான் குடுத்தா என்ன ஆகும்? அது தப்பு பண்ணிடுச்சுன்னு ஆகும். தப்பே பண்ணாதுன்னு பேப்பருக்குப் பேட்டி குடுத்திருக்கேன். ஃபோட்டோவோட வந்திருக்கு."

"எனக்கு ஒரே பொண்ணு சார்."

"எனக்கும் ஒரே மென்பொருள்தான்," என்றார் எம்.டி. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. கல்யாணத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடுங்க. ஞாயித்துக்கிழமை எதுக்கு இருக்கு?"

இந்த வாக்கியமும் மேலாளருக்குத் தெரிந்த வாக்கியமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வராமலிருப்பது என்ற வழியையும் அவர் எண்ணிப் பார்த்தார். ஆனால் விடுப்பில்லாமல் வராதவர் வேலையைத் தானாக விட்டுவிட்டவராகக் கருதப்படுவார் என்று விதி எழுதியதும், அதைப் பெரியவருக்கு ஓதிவைத்ததும் அவர்தான். அடுத்த நாள் வாசலில் அடையாள அட்டையைக் காட்டினால் கதவு திறக்காது. ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும் ஆள் அந்தக் கதவோடு விளையாட முடியாது.

ஆக, யாரையாவது கொன்றே தீரவேண்டும் என்ற முடிவோடு அவர் வீட்டுக்குப் போனார்.

சாப்பாட்டு மேசையில் மனைவி, மகள், மைத்துனர் மூவரும் அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள். மைத்துனர், மேலாளரின் மனைவிக்குத் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மேலாளர் விஷயத்தைச் சொல்லிவிட்டு மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உனக்கு ஒண்ணும் ஆகாது. கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"என்ன அத்தான் பேசறீங்க? நான் டிரைவிங் ஸ்கூல் நடத்தறவன். வியாழக்கிழமை செத்துட்டு வெள்ளிக்கிழமை எவன்கிட்ட போய், 'பயப்படாம ஓட்டு, நான் பக்கத்துல இருக்கேன்'னு சொல்றது?"

"என் தம்பியை எதுக்குக் கொல்றீங்க?" என்றாள் மனைவி. "உங்க பக்கத்துல ஆள் இல்லையா?"

"என் பக்கத்துல எல்லாரும் நிஜமாவே போயிட்டாங்க."

"அவசரப்பட்டுட்டாங்க," என்றார் மைத்துனர்.

மேலாளரின் பார்வை மனைவியின் மேல் போய் நின்றது.

"இங்க பார்க்காதீங்க. நான் செத்தா உங்களுக்கு மூணு நாள் லீவு பத்தாது. துவைச்ச சட்டை எந்த அலமாரில இருக்குன்னு கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்."

"மாப்பிள்ளை வீட்ல யாரையாவது?"

"அப்பா," என்றாள் மகள். "நான் இன்னும் அந்த வீட்டுக்குள்ள காலே வைக்கல."

மகள் கையிலிருந்த உறையை ஒட்டி ஓரமாக வைத்தாள்.

"யாரும் சாக வேணாம்ப்பா. மாமா கையெழுத்துப் போடட்டும். நீங்க ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலமா வாங்க. உங்களுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்றேன்."

அதில் கோபம் துளிக்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். இந்தக் கண்ணுக்கு இனி இவ்வளவுதான் தெரியும் என்று வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். மைத்துனர் அதற்குள் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மதியம், அலுவலகம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மேலாளர் மறுபடியும் திரையின் முன் உட்கார்ந்தார். விடுப்பின் காரணம்: மரணம். காலமானவர் யார்? பெரியப்பாவில் தொடங்கி உறவு முறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் தெரிந்தது. ஒவ்வொரு முகமும் முறைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில், இறந்துபோன ஊழியரின் கணக்கை மூடும் வசதிக்காக யாரோ சேர்த்துவைத்திருந்த ஒரு சொல் இருந்தது: விண்ணப்பதாரர்.

அவர் அதை உற்றுப் பார்த்தார். இந்த ஆளைக் கொன்றால் சண்டைக்கு வர ஒருவரும் இல்லை. காரோட்டக் கற்றுக்கொடுக்கிறவர் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரரும் இல்லை. வீட்டில் இவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இதுவரை யாரும் பெரிய வித்தியாசம் கண்டதாகத் தெரியவில்லை. விரலால் அமுக்கினார்.

'ஆழ்ந்த இரங்கல்கள். தங்கள் மரணத்தை முன்னிட்டு மூன்று நாள் விடுப்பு வழங்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை பணிக்குத் திரும்பவும். தாமதமாக வந்தால் அரைநாள் கழிக்கப்படும்.'

அதை அவர் இரண்டு முறை படித்தார். வாழ்க்கையில் வாங்கிய முதல் விடுப்பு. தன்னிடம் இந்த விண்ணப்பம் வந்திருந்தால் கொடுத்திருப்போமா என்று ஒரு பழக்கத்தில் யோசித்துப் பார்த்தார். கொடுத்திருப்பார். அரைநாள் விஷயம் உட்பட ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்.

சாயங்காலம் வாசலில் ஸ்டோர் கீப்பர் எதிரே வந்தார். கையில் ஃபோன், முகத்தில் என்ன பாவனையை வைத்துக்கொள்வது என்ற குழப்பம்.

"சார், பெரியவர் எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்கார். நீங்க..."

"ஆமா."

"எப்போ சார் ஆச்சு?"

"சாப்பாட்டு நேரத்துல."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்."

"பரவாயில்ல. நாளைக்குக் காலைல பொண்ணு கல்யாணம். மண்டபத்துக்கு வந்துடுங்க."

"வரணும்னுதான் ஆசை," என்ற ஸ்டோர் கீப்பர் சற்று யோசித்தார். "வந்துடறேன் சார். இன்னும் ஒரு பெரியப்பா இருக்கார்."

வியாழக்கிழமை மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். நிறுவனத்தில் பாதிப்பேர் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முந்தின நாள் இரவுக்குள் அத்தனை குடும்பங்களிலும் துக்கம் நடந்து முடிந்திருந்தது. மேலாளர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றார். பழக்கமில்லாத வேலை என்பதால் ஆளைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து, பிடித்துக் குலுக்கி, உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். அப்படித்தான் எம்.டி.யின் கையையும் பிடித்து, "வாங்க வாங்க, முதல்ல சாப்பிட்டுடுங்க," என்று குலுக்கினார். அவருடைய மற்றக் கையில் ஒரு மலர்வளையம் இருந்ததைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தார்.

வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டில் விசாரித்து, எல்லாரும் மண்டபத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு எம்.டி. வந்திருந்தார். மேலாளர் சொன்ன கல்யாணம் அவருக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. துக்கத்தை மண்டபம் பிடித்து நடத்துகிறார்களே, நல்ல குடும்பம் என்று காரில் வரும்போது சொல்லிக்கொண்டும் வந்திருந்தார். மலர்வளையத்தின் குறுக்கே 'உழைப்பின் உருவமே, உறங்குக' என்று அச்சடித்த நாடா. பின்னால் ஒரு புகைப்படக்காரர்.

"நீங்க செத்துட்டீங்க," என்றார் எம்.டி.

"ஆமா சார்."

"மகாமதி நேத்தே சொல்லிடுச்சு."

"அது தப்பு சொல்லாது சார்."

"சொல்லாது," என்று எம்.டி. உடனே ஒப்புக்கொண்டார். பிறகு அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, புகைப்படக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுப்பா."

மூன்றே வாக்கியத்தில் மேலாளர் நடந்ததைச் சொன்னார். கேட்கக் கேட்க எம்.டி.யின் முகத்தில் பல நிறங்கள் மாறின.

"உங்களைப் பத்தி ஒரு பக்கம் உருக்கமா எழுதிட்டு வந்திருக்கேன்யா. வண்டில வரும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"படிங்க சார். கேட்டுக்கறேன்."

"விளையாடாதீங்க. நாளன்னைக்கு மாநாடு. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு வெளிய தெரிஞ்சா என் பேச்சு என்ன ஆகறது?" எம்.டி. அவர் தோளை அணைத்து ஓரமாகக் கூட்டிப்போனார். "திங்கட்கிழமை எப்படியாவது சரி பண்ணிக்கலாம். இன்னைக்கு மட்டும் செத்தவராவே இருந்துட்டுப் போங்க. யாராவது கேட்டா, செத்தவரோட தம்பின்னு சொல்லிடுங்க. நான் ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடறேன். மீறினீங்கன்னா திங்கட்கிழமை உங்க அட்டைக்குக் கதவு திறக்காது, சொல்லிட்டேன்."

"சரி சார்," என்றது மேலாளரின் வாய். அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. எம்.டி. எது சொன்னாலும் அந்த வாய் எப்போதும் சொல்கிற பதில் அது.

அதற்குள் உள்ளே பதிவாளர் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த மண்டபத்தில் இன்னொரு கல்யாணம் காத்திருந்ததால் அவருக்குத் தலை நிமிரவும் நேரமில்லை. மகளும் மாப்பிள்ளையும் எதிரே நின்றார்கள். மனைவி ஒரு பக்கம், மைத்துனர் ஒரு பக்கம். பதிவாளர் பெயர்களைப் படித்தார், வயதைக் கேட்டார், பக்கத்தைப் புரட்டினார்.

"பொண்ணோட அப்பா," என்றார், எல்லாக் கல்யாணத்திலும் கேட்கிற அதே குரலில். "இருக்காரா, காலமாயிட்டாரா?"

தட்டும் கையுமாக இருந்த ஊழியர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். வாசலோரத்தில் எம்.டி. மலர்வளையத்தைக் கவசம்போல் மார்போடு பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மைத்துனர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார்.

மேலாளர் மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. கடைசி வரியில் இருக்கும் சின்ன எழுத்தை ஒரு கிழவர் படிப்பாரா மாட்டாரா என்று அவள் கடையில் நின்று பார்க்கும் பார்வை அது. எந்த எழுத்து என்று எடுத்துச் சொல்லக் கூடாது, அவராகத்தான் படிக்கவேண்டும்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றார் பதிவாளர். "இருக்காரா இல்லையா?"

"இருக்கேன்," என்றார் மேலாளர்.

குரல் எங்கோ அடியிலிருந்து வந்ததால் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. எம்.டி. மலர்வளையத்தைப் பக்கத்திலிருந்த நாற்காலியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார். ஸ்டோர் கீப்பர் மெல்ல ஆரம்பித்தார். பிறகு துக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கை தட்டினார்கள்.

பதிவாளர் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். "நீங்கதானா? இதைச் சொல்றதுக்கு என்ன சார் இவ்வளவு நேரம்?"

"பழக்கமில்ல சார்," என்றாள் மகள். "இன்னைக்குத்தான் இருக்கார்."

மைத்துனர் நீட்டிய பேனாவை மேலாளர் வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை, அட்டை, திறக்காத கதவு எல்லாம் ஒரு கணம் வந்துபோயின. குனிந்து, மகள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்தைத் தொடங்கினார்.

"நல்லா அழுத்திப் போடுங்கப்பா," என்றாள் அவள் காதருகில். "அடியில கார்பன் வச்சு இன்னும் ரெண்டு காப்பி இருக்கு."